ஃபோர்டா, ஷெவியா, ராமா: சண்டை ஒரு நம்பருக்கு, ஆபத்து இன்னொரு நம்பர்ல

(எபிசோடில் பேசியதை வாசிக்க வசதியாகச் சுருக்கி, திருத்தித் தந்திருக்கிறோம்.)

இன்னிக்கு நாம பேசப் போறது நம்ம ரோட்டுல பாக்கவே முடியாத ஒரு வண்டியைப் பத்தி. அமெரிக்காவோட ஹெவி டியூட்டி பிக்கப் ட்ரக். பின்னாடி குதிரை ட்ரெய்லர், மாட்டு ட்ரெய்லர், படகு, மண் அள்ளுற மெஷின், சில நேரம் படுக்கையறை, சமையலறை எல்லாம் இருக்கற ஒரு வீட்டையே மாட்டி இழுத்துட்டுப் போற வண்டி.

ஃபோர்டுன்னு சொன்னா நமக்கு மறைமலைநகர் தொழிற்சாலை, ஐகான், எகோஸ்போர்ட் இதெல்லாம் ஞாபகம் வரும். அமெரிக்காவுல ஃபோர்டுன்னா முதல்ல எஃப் சீரிஸ் பிக்கப்தான். 1977லேர்ந்து அங்க அதிகமா விக்கற பிக்கப் வரிசை அதுதான். ஷெவர்லே வச்சிருக்கறவங்க அதை மதிக்க மாட்டாங்க. ராம் வச்சிருக்கறவங்க இந்த ரெண்டையும் மதிக்க மாட்டாங்க. இந்தச் சண்டையைக் கொஞ்சம் பிரிச்சுப் பாத்தா நம்ம எல்லாருக்கும் உபயோகமான ஒரு விஷயம் உள்ள இருக்கு. அதுக்காகத்தான் இந்த எபிசோட்.

சண்டை எந்த லெவல்ல நடக்குது?

பிக்கப்போட பின் கண்ணாடியில ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க. கால்வின் அண்ட் ஹாப்ஸ் கார்ட்டூன்ல வர்ற அந்தக் குட்டிப் பையன், எதிரி கம்பெனி லோகோ மேல ஒண்ணுக்கு அடிச்சிட்டு இருப்பான். அந்தக் கார்ட்டூனை வரைஞ்ச பில் வாட்டர்சன் தன்னோட பாத்திரங்களை வச்சு ஸ்டிக்கர், பொம்மை எதுவும் விக்க அனுமதி கொடுத்ததே இல்ல. அதனால அந்த ஸ்டிக்கர் எல்லாமே திருட்டு சரக்கு. ஆனாலும் பல வருஷமா ஓடுது. ஃபோர்டு லோகோ மேல ஒண்ணு, ஷெவி லோகோ மேல ஒண்ணுன்னு எல்லாக் கட்சிக்கும் கிடைக்கும்.

ஃபோர்டுங்கற பேருக்கே விரிவாக்கம் வச்சிருக்காங்க. "ஃபவுண்ட் ஆன் ரோடு டெட்", அதாவது ரோட்டுல செத்துக் கிடந்தது. "ஃபிக்ஸ் ஆர் ரிப்பேர் டெய்லி", தினமும் ரிப்பேர் பாரு.

கம்பெனிகளும் சும்மா இல்ல. 2012 சூப்பர் பவுல் மேட்ச்ல ஷெவி ஒரு விளம்பரம் போட்டாங்க. மாயன் காலண்டர்படி உலகம் அழிஞ்சிடுச்சு. ஷெவி ட்ரக் ஓட்டினவங்க மட்டும் இடிபாடுகளுக்கு நடுவுல தப்பிச்சு வந்து சேர்றாங்க. ஒரு நண்பனை மட்டும் காணோம். ஏன்னா அவன் ஃபோர்டு ஓட்டினான். ஃபோர்டு கடுப்பாகி, விளம்பரத்தை நிறுத்தச் சொல்லி வக்கீல் கடிதமே அனுப்புச்சு. 2016ல ஷெவி இன்னொரு விளம்பரத்துல ஃபோர்டு எஃப்-150யோட அலுமினியத் தொட்டியிலயும் தன்னோட ஸ்டீல் தொட்டியிலயும் கான்க்ரீட் கற்களைக் கொட்டி, அலுமினியம் கிழியறதைக் காட்டுச்சு.

வெறும் ரசிகர் சண்டைன்னு சிரிச்சிட்டுப் போகலாம். ஆனா இதுக்குப் பின்னாடி நிஜமான பயமும் இருக்கு. அஞ்சாறு டன் எடையை மாட்டிக்கிட்டு, பிள்ளைங்களை பின் சீட்டுல உக்கார வச்சு ராக்கி மலைத்தொடரைத் தாண்டற ஆளுக்கு எஞ்சின் நடுவுல நின்னா அது தலைவலியோட முடியாது. ட்ரெய்லர் வச்சு வாடகைக்கு சரக்கு ஓட்டறவங்களுக்கு வண்டி ஒரு வாரம் ஒர்க்‌ஷாப்ல நின்னா அந்த வார வருமானமே போச்சு. வண்டி விலையும் லேசுப்பட்டது இல்ல. உச்ச ரகம் 1 லட்சம் டாலரைத் தாண்டும். இவ்வளவு பணம், இவ்வளவு பயம் ரெண்டும் ஒரு பேட்ஜ் மேல ஏறி உக்காரும்போது, அந்த பேட்ஜை யாராவது குறை சொன்னா கோவம் வரத்தானே செய்யும்?

ஏன் மூணே மூணு பேர்?

களத்துல இருக்கறது மூணு கம்பெனி, நாலு பேட்ஜ். ஃபோர்டோட சூப்பர் டியூட்டி, அதாவது எஃப்-250, எஃப்-350, எஃப்-450. ஜெனரல் மோட்டார்ஸ்ல ஷெவர்லே சில்வராடோ எச்டி, ஜிஎம்சி சியரா எச்டி. ரெண்டும் அடிப்படையில ஒரே வண்டி, முகமும் உள்ளலங்காரமும் வேற. அப்புறம் ராம் 2500, 3500. முன்னாடி டாட்ஜ் ராம்னு கூப்பிட்டது.

டொயோட்டா எங்க, நிசான் எங்கன்னு கேக்கலாம். அதுக்கு ஒரு கோழிக் கதை இருக்கு. 1960கள்ல ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழிக்கறி மேல வரியை ஏத்தினாங்க. பதிலடியா அமெரிக்கா, இறக்குமதி ஆகற சரக்கு ட்ரக்குகள் மேல 25 சதவீத வரி போட்டுச்சு. 1964லேர்ந்து அந்த வரி இருக்கு. பேரே "சிக்கன் டாக்ஸ்". இந்த வேலிக்கு உள்ள டெட்ராய்ட் கம்பெனிகள் பிக்கப் சந்தையைத் தங்களோடதாவே வளர்த்துக்கிட்டாங்க. பின்னாடி டொயோட்டாவும் நிசானும் அமெரிக்காவுலயே தொழிற்சாலை வச்சு பெரிய பிக்கப் செஞ்சாங்க. ஆனா இந்த ஹெவி டியூட்டி எடைப்பிரிவுக்கு உள்ள அவங்க வந்து நிக்கல. நிசான் டைட்டன் எக்ஸ்டின்னு நடுவுல ஒரு வண்டி விட்டுப் பாத்துச்சு, எடுபடல.

ஆக மூணு பேர்தான். மூணு பேர் மட்டும் மோதற சண்டையில அடையாளம் ரொம்ப கெட்டியா ஒட்டிக்கும்.

ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு புராணம்

ராம் கட்சியோட தெய்வம் ராம் இல்ல, கம்மின்ஸ். இண்டியானா மாநிலத்துல கொலம்பஸ் ஊர்ல இருக்கற தனி எஞ்சின் கம்பெனி. 1989 மாடல் டாட்ஜ் பிக்கப்ல அவங்களோட 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் நேர்வரிசை டீசல் எஞ்சின் வந்துச்சு. 160 ஹார்ஸ்பவர், 400 பவுண்ட்-அடி டார்க். விவசாய, தொழிற்சாலை மெஷின்களுக்கும் போற எஞ்சின் குடும்பம் அது. ஒரு பிக்கப்புக்கு அது ராட்சசத்தனம். "நான் வாங்கினது எஞ்சின், ட்ரக் ஓசியில வந்துச்சு"ன்னு அவங்களே ஜோக் அடிச்சுப்பாங்க. நமக்கும் இதுல ஒரு சொந்தம் இருக்கு. ஜாம்ஷெட்பூர்ல டாடா கம்மின்ஸ் செஞ்சு டாடா லாரிகளுக்குப் போற 5.9, 6.7 லிட்டர் எஞ்சின்களும் இதே பி சீரிஸ் குடும்பம்தான். அவங்க கும்பிடற சாமி நம்ம ஹைவேயில லாரிக்குள்ள உக்காந்து ஓடிட்டிருக்கு.

ஜிஎம் கட்சியோட புராணம் டூராமேக்ஸ். 2001 மாடல்ல வந்த 6.6 லிட்டர் வி8 டீசல். ஜப்பானோட இசுசுவும் ஜிஎம்மும் சேர்ந்து உருவாக்கினது. கூடவே அலிசன் கியர்பாக்ஸ். பஸ், தீயணைப்பு வண்டிக்கெல்லாம் கியர்பாக்ஸ் செய்யற கம்பெனியோட பேர். "டூராமேக்ஸ் பிளஸ் அலிசன்"ங்கற ஜோடி அவங்களுக்கு மந்திரம்.

ஃபோர்டு கட்சிக்கு பவர் ஸ்ட்ரோக். 1994ல வந்த 7.3 லிட்டர் டீசல். அதைச் செஞ்சு கொடுத்தது நேவிஸ்டார் கம்பெனி. இன்னிக்கும் அந்த 7.3 வச்சிருக்கறவங்க அதை விக்க மாட்டாங்க.

இப்போ ஒவ்வொரு கட்சியும் மறக்க நினைக்கற அத்தியாயம். ஃபோர்டுல 2003லேர்ந்து வந்த 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக். ஹெட் கேஸ்கெட், இஞ்செக்டர், இஜிஆர் கூலர்னு தொடர்ந்து பிரச்சனை. வாரண்டி செலவை யார் ஏத்துக்கறதுன்னு ஃபோர்டும் நேவிஸ்டாரும் 2007ல கோர்ட் வரைக்கும் போனாங்க, 2009ல சமரசம் ஆனாங்க. 2011 மாடல்லேர்ந்து ஃபோர்டு டீசல் எஞ்சினைத் தானே செய்ய ஆரம்பிச்சுச்சு. ஜிஎம்முக்கு, முதல் தலைமுறை டூராமேக்ஸ்ல இஞ்செக்டர் கோளாறு. வாரண்டியை நீட்டிக்க வேண்டி வந்துச்சு. ராமுக்கு, 1990களோட கடைசியில வந்த கம்மின்ஸ்கள்ல "53" எண் பதிச்ச எஞ்சின் பிளாக் விரிசல் விடறது. அந்தக் காலத்து டாட்ஜ் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அந்த எஞ்சினைத் தாங்காதுங்கறது தனிக் கதை.

ஆக, உன் வண்டி குப்பைன்னு மூணு பேரும் மூணு பேரையும் பாத்துச் சொல்லலாம். எல்லாரும் ஏதோ ஒரு வருஷத்தை வச்சுப் பாத்தா சரியாத்தான் சொல்றாங்க.

டார்க் போர்

சண்டையோட முக்கிய ஆயுதம் ஒரே ஒரு நம்பர். டார்க், அதாவது எஞ்சினோட திருகு விசை. பாரத்தை நிலையிலேர்ந்து கிளப்பறதுக்கும், மெதுவான எஞ்சின் வேகத்துலயே மேடு ஏறறதுக்கும் உதவறது இதுதான்.

1989ல கம்மின்ஸ் 400 பவுண்ட்-அடி. 2001ல டூராமேக்ஸ் 520. 2010ல நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கூத்து. ஃபோர்டு தன்னோட புது 6.7 லிட்டர் டீசலுக்கு 390 ஹார்ஸ்பவர், 735 பவுண்ட்-அடின்னு அறிவிச்சுச்சு. ஜிஎம் வந்து 397, 765ன்னு சொல்லிச்சு. கொஞ்ச மாசத்துல, ஆகஸ்ட்ல, ஃபோர்டு திரும்ப வந்து 400, 800ன்னு அறிவிச்சுச்சு. எஞ்சின்ல ஒரு போல்ட் கூட மாத்தல. சாஃப்ட்வேர் அப்டேட். ஏற்கனவே வண்டி வாங்கினவங்களும் டீலர்கிட்ட போனா இலவசமா போட்டுக் கொடுத்தாங்க.

கோட் எழுதறவனா நான் இதுல கவனிச்சது, அந்த 65 பவுண்ட்-அடி முதல்லேர்ந்தே அந்த இரும்புக்குள்ளதான் இருந்துச்சு. எவ்வளவு திறந்து விடறதுங்கறதை முடிவு பண்ணினது பக்கத்து கம்பெனியோட பத்திரிகை அறிக்கை.

அப்புறம் 2019ல ராம் முதல் ஆளா 1,000ஐத் தொட்டுச்சு. 2020ல ஃபோர்டு 1,050. 2021ல ராம் 1,075. 2023ல ஃபோர்டு 1,200. நம்ம கணக்குல சொன்னா 1,600 நியூட்டன் மீட்டருக்கு மேல. டீசல் இன்னோவா கிரிஸ்டாவோட டார்க் 343 நியூட்டன் மீட்டர். அது மாதிரி கிட்டத்தட்ட அஞ்சு இன்னோவா சேந்தாதான் இந்த நம்பர் வரும். அதே ஃபோர்டு 40,000 பவுண்ட் வரைக்கும் இழுக்கும்னு அறிவிச்சுச்சு. 18 டன். சரியான வண்டி, சரியான ஹிட்ச் இருந்தா நாலு யானையை இழுக்கலாம்.

நம்பரை யார் அளந்தது?

இழுக்கும் திறன்ங்கற நம்பர் எப்படி வருது? ரொம்ப நாள் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு அளந்துக்கிட்டாங்க. மொபைல் கம்பெனி தானே பெஞ்ச்மார்க் எழுதி, தானே ஓட்டி, தானே முதலிடம்னு அறிவிச்சா எப்படி இருக்கும்? அதே கதைதான்.

2008ல எஸ்ஏஇ, அதாவது வாகனப் பொறியாளர்கள் சங்கம், ஜே2807ன்னு ஒரு பொதுத் தரம் கொண்டு வந்துச்சு. அதுல ஒரு டெஸ்ட், அரிசோனா பாலைவனத்துல டேவிஸ் டாம்லேர்ந்து ஏறற மலைச்சாலையை அடிப்படையா வச்சது. சுமார் 11 மைல் ஏற்றம். வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ். ஏசியை முழுசா ஓட விட்டு, அறிவிச்ச எடையை இழுத்துட்டு ஏறணும். சாதாரண பிக்கப் 40 மைல் வேகத்துக்குக் கீழ இறங்கக் கூடாது. பின் அச்சுல நாலு டயர் இருக்கற டூவலிக்கு 35 மைல். எஞ்சின் சூடாகி மூச்சு வாங்கினா ஃபெயில்.

தரம் வந்த உடனே எல்லாரும் ஏத்துக்கிட்டாங்களான்னா, இல்ல. முதல்ல ஏத்துக்கிட்டது 2011 மாடல் டுண்ட்ராவுல டொயோட்டா. அதோட அறிவிப்பு நம்பர் குறைஞ்சுச்சு. டெட்ராய்ட் கம்பெனிகள் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டே நின்னாங்க. "நான் மட்டும் உண்மையான நம்பரைப் போட்டா, விளம்பரத்துல நான் மட்டும் தோத்த மாதிரி தெரியுமே"ங்கற பயம். ஹெவி டியூட்டி வண்டிகள்ல ராம் 2015 மாடல்ல முதல்ல இறங்குச்சு. மத்தவங்க பின்னாடி வந்தாங்க.

2014ல இன்னொரு வேடிக்கை. வண்டி எவ்வளவு பாரம் சுமக்கும்ங்கற உச்ச நம்பரைக் கணக்குப் போடும்போது, ஸ்பேர் டயர், ஜாக்கி, ரேடியோ மாதிரி சாமான்களோட எடையை ஃபோர்டு கழிச்சிட்டுப் போட்டிருந்தது செய்தியாச்சு. இதெல்லாம் வேணாம்னு சொல்லி வாங்கற வசதி வாடிக்கையாளருக்கு இருக்குங்கறது கம்பெனியோட வாதம். 1 லட்சம் டாலர் கொடுத்து யாராவது ரேடியோ இல்லாத வண்டி வாங்குவாங்களா?

நிஜ ஆபத்து கதவு ஓரத்துல இருக்கு

இப்போ விஷயத்துக்கு வர்றேன். டார்க் போரை ஜெயிச்ச வண்டியோட கதவைத் திறங்க. கதவு மூடற தூண் ஓரத்துல மஞ்சளும் வெள்ளையுமா ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாதுன்னு அதுல எழுதியிருக்கும். இதுதான் பேலோடு. இழுக்கற எடை வேற, இது வேற. இது வண்டி தன் முதுகுல சுமக்கற எடை.

ட்ரெய்லரை இழுக்கும்போது அதோட எடையில ஒரு பங்கு வண்டி முதுகுல ஏறும். பம்பருக்குக் கீழ மாட்டற சாதாரண ட்ரெய்லர்னா 10லேர்ந்து 15 சதவீதம். பிக்கப் தொட்டிக்கு நடுவுல மாட்டற ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர்னா சுமார் 15லேர்ந்து 25 சதவீதம்.

ஒரு கணக்குப் போடுவோம். உதாரணத்துக்கு ஒரு எஃப்-250 வகை வண்டி. முக்கால் டன் பிரிவுல நிறைய வண்டிகளுக்கு மொத்த எடை வரம்பு 10,000 பவுண்ட். வண்டி, டீசல், ஆள், சாமான், முதுகுல ஏறற பாரம் எல்லாம் சேத்து. அந்த 10,000 ஒரு சட்டக் கோடு. அதைத் தாண்டினா வண்டி அடுத்த எடைப்பிரிவுக்குப் போயிடும், வணிக வாகன விதிகள் மாறும், சில மாநிலங்கள்ல பதிவுச் செலவும் மாறும். அதனால கம்பெனிகள் அந்தக் கோட்டுலயே வண்டியை நிறுத்தறாங்க.

நாலு கதவு, ஃபோர் வீல் டிரைவ், டீசல் எஞ்சின், லெதர் சீட், சன்ரூஃப். வண்டியோட சொந்த எடை 7,800 பவுண்ட்னு வச்சுப்போம். மிச்சம் 2,200. இதுதான் பேலோடு.

இப்போ 14,000 பவுண்ட் எடையுள்ள ஒரு ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர் வீடு. 20 சதவீதம்னு எடுத்தா முதுகுல ஏறறது 2,800 பவுண்ட். குடும்பம் ஏறறதுக்கு முன்னாடியே 600 பவுண்ட் தாண்டியாச்சு. குடும்பத்துல நாலு பேர், இன்னொரு 600. ஹிட்ச் எடை 150. மொத்தம் 3,550. வரம்பை விட 1,350 பவுண்ட், அதாவது 600 கிலோவுக்கு மேல அதிகம்.

இதுல எஞ்சினுக்கு என்ன பிரச்சனை? ஒண்ணுமே இல்ல. சிரிச்சுக்கிட்டே இழுக்கும். அதுதான் ஆபத்து. கோட்ல தப்பு இருந்தா எரர் மெசேஜ் வரும். இங்க பெரும்பாலும் எந்த மெசேஜும் வராது. பின் டயர்ல சூடு ஏறும். பின்பக்கம் அமுங்கும், முன் சக்கரத்துல எடை குறையும், ஸ்டீயரிங் லேசாகும், ஹெட்லைட் எதிர்ல வர்றவன் கண்ணைப் பாக்கும். இது எதுவும் டார்க் நம்பர்ல தெரியாது.

"சரி, ட்ரெய்லருக்குள்ள சாமானைப் பின்னாடி தள்ளி வச்சா முதுகுல ஏறற எடை குறையும்ல?" குறையும். ஆனா முன்பக்க எடை ரொம்பக் குறைஞ்ச ட்ரெய்லர் வேகத்துல வால் ஆட்ட ஆரம்பிக்கும். ஒரு அளவுக்கு மேல அந்த ஆட்டத்தை ஓட்டறவரால அடக்க முடியாது. வண்டியையும் சேத்துப் புரட்டிடும். அந்த சதவீதத்தைக் கீழ இறக்கித் தப்பிக்க முடியாது.

எங்க தொழில்ல இதுக்கு பாட்டில்நெக்னு பேரு. சர்வர் எவ்வளவு வேகமா இருந்தாலும் நடுவுல ஒரு குழாய் ஒல்லியா இருந்தா மொத்த வேகமும் அந்தக் குழாயோட வேகம்தான். டார்க் இந்த வண்டிகள்ல ஒல்லிக் குழாய் இல்லாம போய் ரொம்ப வருஷம் ஆச்சு. முக்கால் டன் வண்டியில பெரும்பாலும் முதல்ல தீர்ந்து போறது பேலோடு. ஆனா சண்டை இன்னும் டார்க்லயேதான் நடக்குது.

இதுல இன்னொரு முரண் இருக்கு. டீசல் எஞ்சின் கனமானது. அதனால அதே வண்டியை பெட்ரோல் எஞ்சினோட, துணி சீட்டோட வாங்கினா பேலோடு கூடும். காசு அதிகமா கொடுத்து, டார்க் அதிகமான, வசதி அதிகமான வண்டியை வாங்கினவர் கம்மியா சுமக்கற வண்டியை வாங்கியிருப்பார். ஃபோர்டுக்கும் ராமுக்கும் இருக்கற வித்தியாசத்தை விட, ஒரே ஃபோர்டுல ரெண்டு வேரியண்டுக்கு நடுவுல இருக்கற வித்தியாசம் பெருசா இருக்கலாம். கண்ணாடியில ஒட்டின கால்வின் ஸ்டிக்கருக்கு இதைச் சொல்லத் தெரியாது. கதவு ஓர ஸ்டிக்கருக்குத் தெரியும்.

இறங்கறதும் ஒரு கணக்கு. கொலராடோவுல ஐ-70 நெடுஞ்சாலை ஐசனோவர் சுரங்கப்பாதைகிட்ட 11,000 அடியைத் தாண்டி ஏறும். அங்கேர்ந்து இறங்கும்போது 7 சதவீதச் சரிவு. அங்க டார்க் உதவாது. எக்ஸாஸ்ட் பிரேக்கும், ட்ரெய்லர் பிரேக்கும், ஓட்டறவர் எந்த கியர்ல எந்த வேகத்துல இறங்கத் தொடங்கினார்ங்கறதும்தான் உதவும். மேடு ஏற முடியாத வண்டி நிக்கும், அவ்வளவுதான். இறக்கத்துல நிக்க முடியாத வண்டி என்னாகும்னு சொல்ல வேண்டியதில்ல.

பேட்ஜுக்கு உள்ள யாரு?

விசுவாசம் யாருக்குன்னு பாத்தா அதுவும் குழப்பம்தான். ஃபோர்டும் ஜிஎம்மும் சேர்ந்து 10 ஸ்பீடு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உருவாக்கி, எஃப்-150லயும் சில்வராடோ 1500லயும் ஆளுக்கொரு வடிவமா போட்டுக்கிட்டாங்க. ஷெவி எச்டியில அலிசன்னு பேர் போட்ட 10 ஸ்பீடு கியர்பாக்ஸை வடிவமைச்சு செய்யறது ஜிஎம்.

சிபி4ன்னு பாஷ் கம்பெனியோட ஒரு உயர் அழுத்த டீசல் பம்ப் இருக்கு. உள்ள தேய்ஞ்சு உடைஞ்சா இரும்புத் தூளை எஞ்சினோட எரிபொருள் அமைப்பு முழுக்கப் பரப்பிடும்னு பேர் வாங்கினது. அது ஃபோர்டு 6.7ல இருந்துச்சு, 2011லேர்ந்து 2016 வரைக்கும் டூராமேக்ஸ்ல இருந்துச்சு, 2019, 2020 ராம்லயும் இருந்துச்சு. ராம் அந்த ரெண்டு வருஷ வண்டிகளைத் திரும்ப அழைச்சு பம்பை மாத்த வேண்டி வந்துச்சு. மூணு கட்சிக்காரங்களும் ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிட்டிருந்த காலத்துல மூணு பேர் பானட்டுக்குள்ளயும் ஒரே சப்ளையரோட பம்ப் இருந்திருக்கு.

அமெரிக்கப் பெருமைன்னு பேசற ராம் ஹெவி டியூட்டி, மெக்சிகோவுல சல்டியோ ஊர்ல செய்யறது. அதோட தாய் கம்பெனி ஸ்டெல்லாண்டிஸ் நெதர்லாந்துல பதிவானது. கம்மின்ஸ்? ராம் ட்ரக்குகள்ல புகை சோதனையை ஏமாத்தற மென்பொருள் இருந்துச்சுங்கற குற்றச்சாட்டுல, 2024 தொடக்கத்துல 167.5 கோடி டாலர் அபராதத்துக்கு ஒத்துக்கிச்சு. தப்பு செய்யலன்னு சொல்லிட்டே கட்டுச்சு. அமெரிக்கக் காற்றுத் தூய்மைச் சட்டத்துல அதுவரைக்கும் வந்ததுலயே பெரிய அபராதம் அது.

அப்போ விசுவாசம் முட்டாள்தனமா?

அப்படிச் சொல்ல மாட்டேன். ஊர்ல ஒரே டீலர்தான் இருக்கார், அவர் ஃபோர்டு டீலர்னா, ஃபோர்டு வாங்கறது புத்திசாலித்தனம். பக்கத்து மெக்கானிக் கம்மின்ஸை கண்ணை மூடிக்கிட்டுப் பிரிச்சு மாட்டுவார்னா, அதுக்கு 125 பவுண்ட்-அடி டார்க்கை விட மதிப்பு அதிகம். இருபது வருஷம் ஒரே மாதிரி வண்டி ஓட்டினவருக்கு, எந்த சத்தம் சாதாரணம், எந்த சத்தம் ஆபத்துன்னு காதே சொல்லும். பிராண்ட் விசுவாசம்னு நாம கிண்டல் பண்றதுல பாதி இந்த மாதிரி அனுபவச் சொத்து. அப்பா ஓட்டின வண்டிங்கற பாசத்தையும் நான் குறைச்சுப் பேச மாட்டேன்.

பிரச்சனை, அந்த விசுவாசம் ஒரு நம்பரைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு நம்பரைப் பாக்க விடாம செய்யும்போதுதான். "என் ஷெவி இழுக்கும்"ங்கற நம்பிக்கையில கதவு ஓரத்தைப் பாக்காம கிளம்பறவர் தன் குடும்பத்தை மட்டும் இல்ல, எதிர்ல வர்ற குடும்பத்தையும் அந்தக் கணக்குல சேத்துடறார். ஜே2807 டெஸ்ட்ல வண்டிக்குள்ள இருக்கறதா வச்சுக்கற ஆட்கள் ரெண்டே பேர், தலைக்கு 150 பவுண்ட். 68 கிலோ. பின் சீட்டுல பிள்ளைங்க, நாய், கூலர், ஜெனரேட்டர் எதுவும் கிடையாது. விளம்பர நம்பர் அந்த ரெண்டு பேருக்கானது. கதவு ஓர நம்பர் உங்க வண்டிக்கானது.

அமெரிக்காவுல இருக்கற உங்க அண்ணனோ ஃப்ரெண்டோ ட்ரெய்லர் வாங்கப் போறாங்கன்னா மூணு விஷயம் சொல்லுங்க. ஒண்ணு, வண்டி வாங்கினதுக்கு அப்புறம் ட்ரெய்லர் தேடாதீங்க, ட்ரெய்லரை முடிவு பண்ணிட்டு வண்டி தேடுங்க. ரெண்டு, பிரவுச்சரைப் பாக்காதீங்க, வாங்கப் போற அதே வண்டியோட கதவைத் திறந்து படிங்க. மூணு, எல்லாத்தையும் ஏத்தி, குடும்பத்தையும் உக்கார வச்சு, லாரி எடை போடற மேடையில ஒரு தடவை நிறுத்திப் பாருங்க. அமெரிக்க ஹைவேயில பெரிய ட்ரக் ஸ்டாப்கள்ல அந்த மேடை இருக்கும், செலவும் சொற்பம்.

ட்ரக்கே வாங்காத நமக்கும் இது பொருந்தும். எந்தச் சந்தையிலயும் கம்பெனிகள் கத்திச் சொல்றது அவங்களால சுலபமா ஏத்திக் காட்ட முடிஞ்ச நம்பரை. மொபைல்ல மெகாபிக்சல், கார்ல டச் ஸ்கிரீன் சைஸ், ட்ரக்ல டார்க். அடுத்த தடவை எதையாவது வாங்கும்போது "இதுல முதல்ல தீர்ந்து போறது எது?"ன்னு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. பதில் பெரும்பாலும் சின்ன எழுத்துல, ஓரத்துல எங்கேயாவது ஒட்டியிருக்கும்.

இன்னிக்கு இவ்வளவுதான். ஃபோர்டு, ஷெவி, ராம் எதுவா இருந்தாலும் எடை பாத்துட்டுக் கிளம்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.